கொம்பையாவுக்கு ஒரு சரவெடி

ஜனவரி 19, ஞாயிறு

உரக்கடைக்காரர் கொடுத்த டைரி. பதினெட்டு நாளாகப் பரணில் கிடந்தது. இன்று என் வீட்டுக்காரி கோமு அதில் கோலப்புள்ளி வைத்துப் பார்க்க எடுத்தாள், பிடுங்கிக்கொண்டேன்.

ஆபீஸ் பதிவேட்டில் கூடு எத்தனை, முட்டை எத்தனை, குஞ்சு எத்தனை என்று மட்டும்தான் எழுத வேண்டும். போன வருஷம் ஒரு கூழைக்கடா செத்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டேன். ரேஞ்சர் அம்மா படித்துவிட்டு, "தளவாய், இது பதிவேடு. உங்க மனவருத்தத்துக்கு வேற நோட்டு வாங்கிக்கோங்க" என்றார். வாங்கவில்லை, ஓசியில் வந்துவிட்டது.

இன்றைய எண்ணிக்கை: குளத்துக் கருவேல மரங்களில் கூழைக்கடா கூடு நூற்றுப் பன்னிரண்டு, சங்குவளை நாரைக் கூடு இருநூற்று அறுபது. ஊருக்குள் புளியிலும் வேம்பிலும் முப்பத்தெட்டு. மேலத்தெருவில் ஒரு வீட்டில் துணி காயப்போட இடமில்லை, எல்லாம் எச்சம். அந்த வீட்டுக்காரி அண்ணாந்து பார்த்துத் திட்டுகிறாள், ஆனால் கல் எடுக்க மாட்டாள்.

கூவைக்குளத்தில் வெடி கிடையாது. கொட்டு கிடையாது. மைக் செட் கிடையாது. தீபாவளிக்கும் கிடையாது, ஏனென்றால் ஐப்பசியிலேயே நாலைந்து பறவை வந்து வேவு பார்க்கும். சத்தம் கேட்டால் போய் மற்றதுகளிடம் சொல்லிவிடும் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. கல்யாணம், சாவு, கோயில் கொடை எல்லாம் சத்தமில்லாமல்தான். இந்தப் பறவைகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பிள்ளைகள், அதுகள் தலைமாட்டில் நின்று யாராவது தகரத்தைத் தட்டுவார்களா என்று கேட்பார்கள் இங்கே பெண்கள். சரணாலயம் என்று போர்டு நடும் முன்பே இருந்த வழக்கம். இப்போது அதற்குக் காவல் நான். பதினேழு வருஷமாகத் தினக்கூலிப் பறவைக் காவலன்.

மகன் கொம்பையா லோடு ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "எப்பா, உம்ம பிள்ளைகள எல்லாம் எண்ணி முடிச்சாச்சா? இங்கன ஒருத்தன் நிக்கேன், என்னையும் சேத்துக்கிடும்."

"சவத்து மூதி, போய்க் குளில" என்றேன்.

அவனுக்கு இருபத்து நாலு ஆகிறது. பெண் பார்க்கவில்லையா என்று கோமு நச்சரிக்கிறாள். பங்குனி கழியட்டும்.

ஜனவரி 28, செவ்வாய்

தண்ணீர் நாலு விரல் இறங்கியிருக்கிறது. மடையில் மண்சாக்கு போட்டு அடைத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. வேறொன்றுமில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

பால்வண்ணத்துக்கு இன்று வருஷ திவசம். அவர் வீட்டுக்காரி உலகம்மா இலை போட்டுக் கூப்பிட்டாள், போய்ச் சாப்பிட்டேன்.

பால்வண்ணம் தவில்காரர். நையாண்டி மேளத்தில் அவர் அடி விழுந்தால் நாலு ஊருக்குக் கேட்கும் என்பார்கள். இந்த ஊரில் மட்டும் யாரும் கேட்டதில்லை. வாசிப்பெல்லாம் வெளியூரில்தான். போன வருஷம் தையில் மாரடைப்பில் போனபோது அவருடைய செட்டுக்காரர்கள் ஆறு பேர் வேன் பிடித்து வந்தார்கள், கடைசியாக ஒரு தடவை அவருக்கு வாசித்து அனுப்ப. ஊர் எல்லையிலேயே நான் மறித்துவிட்டேன். நாரை முட்டை வைத்திருந்த நேரம். அவர்களில் நாயனக்காரர் கையைப் பிடித்துக் கெஞ்சினார். "பத்து நிமிசம் அண்ணாச்சி. மெதுவா வாசிக்கோம்." தவிலை மெதுவாக வாசிப்பதாம். முடியாது என்றேன். வாத்தியங்களை வேனிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு நடந்து வந்து தோள் கொடுத்தார்கள்.

கடமை என்றால் ஆள் பார்க்கக் கூடாது. உலகம்மாவுக்கு என் மேல் வருத்தம் ஒன்றுமில்லை. இன்று பாயசம் இரண்டு தடவை ஊற்றினாள்.

பிப்ரவரி 17, திங்கள்

குஞ்சு பொரித்தாயிற்று! நாரைக் கூடுகளில் பாதிக்கு மேல். காது கொடுக்க முடியாத இரைச்சல். பெரிய நாரைக்குக் குரலே கிடையாது, அலகைத் தட்டும், அவ்வளவுதான். குஞ்சுகளோ விடிந்தால் அடைந்தால் கத்தல்.

கொம்பையாவுக்கு இன்று லோடு இல்லை. என்னோடு குளத்துக்கு வந்தான். மீசை முளைத்த பிறகு வந்ததே இல்லை. பைனாகுலரை வாங்கிப் பார்த்துவிட்டு, "எப்பா, அந்த நாரை ஏன் றெக்கைய விரிச்சுக்கிட்டே நிக்கி? பைத்தியமா?" என்றான்.

குடை, என்று சொன்னேன். ரோமம் முளைக்காத குஞ்சு. உச்சி வெயில் அரை மணி நேரம் நேராக அடித்தால் வெந்து செத்துப்போகும். அதனால் தாயோ தகப்பனோ ஒன்று மாற்றி ஒன்று வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு நிற்கும்.

பைனாகுலரை மறுபடி கண்ணில் வைத்துக்கொண்டான். "நீரு எனக்கு ஒருநாளு இப்படிக் குடை பிடிச்சிருப்பீரா" என்று சிரித்தான். அவனோடு பேசி ஜெயிக்க முடியாது.

அவன் சிநேகிதன் லிங்கதுரை போலீஸ் பரீட்சை பாஸாகிவிட்டானாம், ஓட்டம், கயிறு ஏறுவது எல்லாம் முடிந்து இனி விசாரணை மட்டும்தானாம். தனக்கே வேலை கிடைத்த மாதிரி இவன் குதிக்கிறான். திரும்பி வரும்போது, "எனக்குக் கல்யாணம்னா மேளம் வச்சே ஆவணும், சொல்லிட்டேன்" என்றான். நாங்குநேரி மண்டபத்தில் காது கிழியக் கிழிய வைக்கிறேன் என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

மார்ச் 7, வெள்ளி

கொம்பையா இல்லை.

எழுத வருகிறதா என்று பார்த்தேன். வருகிறது.

திங்கட்கிழமை சாயங்காலம், நாலுவழிச் சாலையில், செங்கல் இறக்கிவிட்டுத் திரும்புகையில், பின்னால் வந்த டிப்பர் லாரி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே முடிந்துவிட்டதாம். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குத்தான் அறுத்துக் கட்டிக் கொடுத்தார்கள். முகத்தில் ஒரு காயமில்லை. தூங்குகிற மாதிரி இருக்கிறான் என்று எல்லாரும் சொன்னார்கள். அவன் வாயைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தூங்குவான், இவர்களுக்கு என்ன தெரியும்.

கல்யாணமாகாதவன், அதனால் எரிக்கவில்லை. குளத்துக்குக் கிழக்கே இடுகாட்டில் புதைத்தோம்.

அவன் கூட்டாளிகள் வள்ளியூர், ஏர்வாடி, களக்காடு என்று எங்கிருந்தெல்லாமோ எழுபது எண்பது பேர் வந்தார்கள். சின்ன வயதில் போனவனை வெடி போட்டு அனுப்புவது அந்தப் பக்கத்து வழக்கம். கையோடு கொண்டுவந்திருந்தார்கள். குளத்தங்கரை ஆலமரத்தடியில் பாடையை இறக்கி வைத்த நேரத்தில் பத்தாயிரம் வாலா ஒன்று போட்டுவிட்டார்கள். வெளியூர்ப் பையன்கள். தெரியாமல் செய்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. மகனைப் பறிகொடுத்தவன் என்னத்தைச் சொல்வது.

வலது கையில் இரண்டு விரல் கொப்பளித்திருக்கிறது. கோமு தேங்காயெண்ணெய் போட்டாள். எப்படிப் பட்டது என்று கேட்டாள். கொள்ளி வைக்கும்போது என்றேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் போட்டு முடித்தாள்.

மார்ச் 8, சனி

இன்றுதான் குளத்துக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை சரம் வெடிக்கத் தொடங்கியதும் எல்லாம் ஒரே எழும்பாக எழும்பின. ஆயிரம் பறவைக்கு மேல். ஆலமரத்தடியில் எங்கள் தலைக்கு மேலே நிழல் ஓடியது. மேலே மேலே போய்ச் சுற்றினவை, இறங்கவில்லை. இறங்கப் பார்த்த சிலவும் கிழக்கே இடுகாட்டில் ஆட்கள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்ப எழும்பின. பன்னிரண்டேகாலிலிருந்து மூன்றரை வரை. மூன்றேகால் மணி நேரம் குஞ்சுகளுக்கு மேலே இறக்கை இல்லை. வெயில், காக்கை, பருந்து. பிறகு வந்தவை வந்தன. பாதிக்கு மேல் வரவில்லை.

மரத்தடியில் விழுந்து கிடந்த குஞ்சுகள் இருநூற்று முப்பத்தொன்று. கூட்டிலேயே காய்ந்து கிடப்பவை தனி, அதை எண்ண ஏணி வேண்டும். மண்வெட்டியோடு போய் நாலு குழி வெட்டினேன். இந்த வாரம் நான் பார்க்கிற இரண்டாவது புதைப்பு.

பதிவேட்டில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. ‘வெளியூர் நபர்கள் வெடி வெடித்ததால்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

உயிரோடு கிடந்தவை பதினொன்று. பனைநார்ப் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நாலு நாளாக ஒரு வாய் சாப்பிடாத கோமு எழுந்து வந்து, கெண்டைக்குஞ்சை நசுக்கி ஒவ்வொன்றுக்கும் ஊட்டினாள்.

மார்ச் 10, திங்கள்

நாலு இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

ஒன்று. கோமு அதை மடியிலேயே வைத்திருக்கிறாள். போய்ப் படு என்றால் முறைக்கிறாள்.

மார்ச் 13, வியாழன்

அதுவும் போய்விட்டது.

பாரஸ்டர் வந்தார். துக்கம் கேட்டுவிட்டு, கொஞ்சம் தயங்கிவிட்டுச் செல்போனை எடுத்துக் காட்டினார். யாரோ வெளியூர்ப் பையன் எடுத்த வீடியோ. தோள்களுக்கு நடுவே லிங்கதுரை தெரிகிறான். கையில் சரம். தரையில் விரித்துக்கொண்டு போகிறான். அப்புறம் புகை, அப்புறம் சத்தம், அப்புறம் பறவைகள். வேறு யார் முகமும் தெளிவாக இல்லை.

"இவன் வெளியூர்க்காரன் இல்லையே தளவாய்? உங்க கீழத்தெருதானே?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"உங்க பையனுக்கு ரொம்ப வேண்டியவன்னு சொல்றாங்க. இருந்தாலும் சரணாலயம் பாருங்க. மேலிடத்துல கேக்காங்க. வழக்குப் போடாம முடியாது. நீங்களும் பதிவேட்டுல எழுதியிருக்கீங்க."

ஆமாம், எழுதியிருக்கிறேன் என்றேன். மோர் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார்.

மார்ச் 16, ஞாயிறு

கூழைக்கடாக்களும் கிளம்பிவிட்டன. காலையில் வடக்கே பார்த்து வரிசையாகப் போயின. இவை குஞ்சு அதிகம் இழக்கவில்லை. இருந்தும் போகின்றன. என்னத்துக்கு இருக்க வேண்டும்?

மார்ச் 19, புதன்

நேற்றுப் பதினாறு. சடங்கு முடிந்தது. கொம்பையா படத்துக்கு மாலை பெரிதாகிவிட்டது, மூக்கு வரைக்கும் மறைக்கிறது. கோமு இரண்டு தடவை விலக்கி விட்டாள்.

லிங்கதுரை வந்தான். ஊர்க்காரர்கள் அவன் பக்கத்துப் பந்தியில் உட்காரவில்லை. ஒரு பெரியவர் அவன் காது கேட்கவே, "குளத்த அழிச்ச பய" என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். கை கழுவ வந்த இடத்தில் என்னிடம், "அப்படியே இருக்கட்டும் மாமா" என்றான்.

எது அப்படியே இருக்கட்டும் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

லிங்கதுரையின் அம்மா வந்தாள். பீடி சுற்றிச் சுற்றி விரல் வளைந்துபோன கை. அந்தக் கையால் என் காலைத் தொடப் பார்த்தாள், விலகிக்கொண்டேன்.

"அண்ணாச்சி, வார வெள்ளிக்கிழமை போலீஸ்ல இருந்து விசாரிக்க வாராவளாம். ஒரு கேசு இருந்தாலும் வேல கிடையாதாம். நாலு வருசமா வெடியக்காலம் எந்திச்சு ஓடுனான். எம்புள்ள வெடி வைக்கல. வச்சது யாருன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கான். யாருக்கோ வேண்டி மென்னு முழுங்குதான். நீங்கதான் அங்கன இருந்தீய. பாத்தியளா? ஒரு வார்த்த நீங்க சொன்னா ஆபீசுல கேப்பாவ."

நான் கவனிக்கவில்லை, மகன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன் என்றேன்.

"அதுவும் சரிதான்" என்று முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்த நேரம் உங்களுக்கு என்ன தெரியப்போவுது பாவம்."

பாவம் என்று என்னைச் சொல்லிவிட்டுப் போகிறாள்.

மார்ச் 25, செவ்வாய்

பொய் எழுதியிருக்கிறேன். பதிவேட்டில் மட்டுமில்லை, இதிலும். இதை யார் படிக்கப் போகிறார்கள் என்று இதிலும் பொய் எழுதினேன், தெரியவில்லை.

ஊர்க்காரர்கள் முன்னாலேயே இடுகாட்டுக்குப் போயிருந்தார்கள். வெளியூர்ப் பையன்கள் சரத்தை எடுத்ததும் ஓடிவந்து தடுத்தவன் லிங்கதுரைதான். "ஏல, இது எங்க ஊரு. இங்கன போடக்கூடாது" என்று பிடுங்கிக்கொண்டான். அவன் கையில் சரம் இருந்தது அதனால். என்னிடம் வந்து, "மாமா, நான் இத வண்டில தூக்கிப் போட்டுருதேன். நீங்க வெசனப்படாதீய" என்றான்.

நான் "விரில" என்றேன்.

அவன் விளங்காமல் நின்றான். "விரிலங்கேன்!" என்று கத்தினேன். அவன் அழுதுகொண்டேதான் விரித்தான். பாடைத் தலைமாட்டில் எரிந்துகொண்டிருந்த ஊதுபத்தியை உருவி, குனிந்து, நான்தான் வைத்தேன். திரி சின்னது. கையை எடுக்கவில்லை. சுட்டது நன்றாகத்தான் இருந்தது.

ஏன் வைத்தேன்? கொம்பையாவுக்கு ஒன்பது வயதில், வள்ளியூர் அத்தை வீட்டிலிருந்து ஒரு பாக்கெட் ஊசிவெடியை டவுசர் பையில் ஒளித்துக் கொண்டுவந்தான். தீபாவளியன்று பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒன்றே ஒன்று போட்டான். புளியம்விளாறு முறிகிற வரைக்கும் அடித்தேன். ஊர் பார்க்கவே அடித்தேன், தளவாய் மகனுக்கும் சலுகை கிடையாது என்று நாலு பேர் சொல்லட்டும் என்று. சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. படுக்கும்போது அவன் கேட்டான், "எப்பா, நாரைக்கு வலிக்கக்கூடாது. எனக்கு வலிக்கலாமா?"

விளக்கை அணைத்துவிட்டேன். அப்புறமும் அவன் கேலி பேசும்போதெல்லாம் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தான், நான் சிரித்துத் தள்ளிவிட்டேன். ஆலமரத்தடியில் அவனைக் கிடத்தியிருந்தபோது, பாவிப் பயலே, இன்றைக்கு ஒருநாள் நீதான் முதல் என்று காட்ட வேண்டும் போல இருந்தது. வேறு எதைக் கொடுப்பது? கல்யாண மேளம் கொடுக்க முடியுமா இனி?

மணி பன்னிரண்டேகால். மாசி வெயில். சரம் வெடித்தால் என்ன ஆகும் என்று அங்கே நின்ற அத்தனை பேரிலும் எனக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்துதான் வைத்தேன்.

இதை எழுதிவிட்டதால் நாளைக்கு ஆபீஸ் போகத்தான் வேண்டும்.

மார்ச் 26, புதன்

எட்டரை பஸ்ஸில் போனேன். ரேஞ்சர் அம்மா துக்கம் விசாரிக்க எழுந்து நின்றார். உட்காருங்கள் அம்மா, நான் சொல்லி முடித்த பிறகு நீங்கள் எழுந்து நிற்க மாட்டீர்கள் என்றேன்.

முழுக்கச் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "புதுசா வேலைக்கு வர்றவங்களை எல்லாம் உங்ககிட்டதான் தளவாய் அனுப்புவேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலை. ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தார். ‘என் மகன் இறுதிச் சடங்கில் நானே என் கையால்’ என்று தொடங்கி எழுதினேன். லிங்கதுரை தடுத்தான், நான்தான் விரிக்கச் சொன்னேன் என்பதை அடிக்கோடு போட்டேன். பதிவேட்டில் பொய் எழுதியதையும் சேர்த்தேன். லிங்கதுரை பெயரை எடுத்துவிடுவதாகச் சொன்னார். என் பேரில் வழக்கு வரும், வேலை இன்றோடு கிடையாது. அடையாள அட்டை, பைனாகுலர், பதிவேடு மூன்றையும் மேஜையில் வைத்தேன். பைனாகுலர் வாரில் என் வேர்வை நாற்றம் இருக்கும், துடைக்காமல் வைத்துவிட்டோமே என்று பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது.

கோமு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து சொன்னேன். முறத்தை நிறுத்தவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும். பொதைச்ச பிள்ளைக்குக் கொள்ளி ஏது?" என்றாள். "நீங்களா எப்பச் சொல்லுவியன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

வையடி, நாலு வார்த்தை வைது தீர் என்றேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

"எப்படி வைய? வீட்டுக்குள்ள கெடந்தேன். அந்தச் சத்தம் கேட்டுது. எம்புள்ளைக்குத்தான் இம்புட்டுச் சத்தமும்னு ஒரு நிமிசம் எனக்கு நெஞ்சு நெறஞ்சுபோச்சுங்க. அதுக்குப் பொறவுதான் குளம் ஞாபகம் வந்துது."

அப்போதுதான் இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். அதுவரை தனித்தனியாகத்தான் அழுதிருந்தோம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

லிங்கதுரைக்கு விசாரணை நல்லபடியாக முடிந்துவிட்டதாம். அவன் அம்மா இரண்டு நாளாக எங்கள் தெரு வழியாக வரவில்லை. சுற்றிக்கொண்டு போகிறாள். அவள் என் காலைத் தொடப் பார்த்ததை நினைத்திருப்பாள். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

குளத்துக்குப் புது ஆள் போட்டிருக்கிறார்கள். எண்ண ஒன்றுமில்லாததால் கரையில் உட்கார்ந்து போன் பார்க்கிறான். தண்ணீரோரம் அரிவாள்மூக்கன் பறவை மூன்று நின்றது. சொல்லலாமா என்று நினைத்து, சொல்லாமல் வந்துவிட்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

அம்மன் கொடைக்கு ஊர்க்கூட்டம். ஊர்த்தலைவர் பிரம்மநாயகம் தொடங்கினார். "நாப்பது வருசமா அம்மனுக்குக் கொட்டுச் சத்தம் கெடையாது. பறவைக்காவ இருந்தோம். இந்த வருசம் பறவ இல்ல. பொறவு என்னத்துக்கு வாயப் பொத்திக்கிட்டுக் கெடக்கணும்? நல்ல மேளமா ரெண்டு செட்டு வைப்போம்ங்கேன்."

இளவட்டங்கள் விசிலடித்தார்கள். அவர் குத்தலாகச் சொல்லவில்லை, வழக்கப்படி என் பக்கம் திரும்பி, "என்ன தளவாய், உமக்கு ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது. பதினேழு வருஷமாகக் கேட்டுப் பழகிய வாய். எனக்கு ஆட்சேபணை சொல்ல வாய் ஏது? தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து உலகம்மா எழுந்தாள்.

"நான் ஒண்ணு கேக்கலாமா? எங்க வீட்டுக்காரரு ஆயுசு பூரா அடுத்த ஊருக்கு வாசிச்சாரு. செத்த அன்னைக்கு அவரு கூட்டாளிமாரு வந்து எல்லையில நின்னாவ. அண்ணாச்சிதான் திருப்பி அனுப்பினாரு." என்னை நேராகப் பார்த்தாள். "அன்னைக்கு நான் உம்மள வையல. எரிஞ்சுது, ஆனா வையல. நாரைக்காவன்னு பொறுத்துக்கிட்டேன். பொறவு உம்ம மவனுக்கு நீரே பத்த வச்சீரு. கேட்டதும் ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல அண்ணாச்சி. அதுக்கும் வையல, பெத்த மனசு. ஆனா இப்ப பறவ இல்லன்னு இந்த ஊரு கொட்டுச்சுன்னா, எங்க வீட்டுக்காரரு எதுக்கு ஊமையாப் போனாரு? சொல்லுங்க. யாராவது சொல்லுங்க."

பிரம்மநாயகம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, எப்பவும் போலவே நடத்திருவோம்" என்றார்.

கூட்டம் கலைந்ததும் அவள் எதிரே போய்க் கும்பிட்டேன். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் போனேன். "வேண்டாம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அது சரிதான், அவளிடம் நான் கேட்கக்கூடாது.

ஏப்ரல் 29, செவ்வாய்

கொடை.

சாமியாடி எங்கள் ஊரில் சலங்கையில் துணி சுற்றிக்கொண்டுதான் ஆடுவார். மற்ற வருஷங்களில் அது ஒரு குறையாகவே தெரியாது. மரத்துக்கு மரம் குஞ்சுகள் போடுகிற இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. வெளியூர்ச் சம்பந்தகாரர்கள், "உங்க ஊர்லயா சத்தம் இல்லங்கீய?" என்று சிரிப்பார்கள். இன்று சாமியாடி கால் மண்ணில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவருக்கு மூச்சு வாங்குவதும் கேட்டது. அவருக்கே கூச்சமாக இருந்திருக்கும், சீக்கிரம் மலையேறிவிட்டார். குழந்தைகள்கூட ரகசியம் பேசின. நானூறு பேர் ஒன்றும் இல்லாததற்காக வாயை மூடிக்கொண்டு நின்றோம்.

சிலர் அண்ணாந்து பார்த்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

உச்சிக்கு முன்னால் கோமு பொங்கலை இலையில் மடித்துக் கொடுத்தாள். இடுகாட்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, நிழல் இல்லாத இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். குளம் அங்கிருந்து முழுக்கத் தெரிகிறது. கருவேல மரங்களில் கூடுகள் அப்படியேதான் இருக்கின்றன, காலி. வரும் வருஷம் வருமா என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது. ஒருதடவை பயந்து போனவை பத்து வருஷம் வராமலிருந்த குளங்களும் உண்டு. ஐப்பசியில் நாலைந்து வேவு பார்க்க வந்தால் நான் உயிரோடு இருக்கும்போதே பார்த்துவிடலாம்.

கொம்பையாவிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். அவனுக்கு வாங்கிக் கொடுத்ததைப் போல அந்தச் சத்தத்தை இத்தனை நாள் மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் போனாலும் அது ஒன்றாவது அவனுக்குக் கிடைத்தது என்று. அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

அவன் அதைக் கேட்கவில்லை. கேட்கக் காது இருந்ததெல்லாம் மரத்து மேலேதான் இருந்தது.